தண்ணீர் இறங்கிய பிறகு

மார்ச் 6, வியாழன்

இரண்டாம் வளைவு: 23.4 மீட்டர். போன மாதமும் இதேதான். கோடையில் ஆறு யார் வம்புக்கும் போவதில்லை.

காலை ஏழரைக்குப் பாலத் தூணில் நீர்மட்டம் பார்த்தேன், 1.12. படகுக்காரர் வர ஒன்பதாகிவிட்டது. மோட்டார் இருமுகிறது, அவரும் இருமுகிறார். யார் முதலில் நிற்பார்கள் என்று தெரியவில்லை. மூன்று வளைவுகளையும் முடித்துக் கரையேற மணி நாலு.

இந்த 23.4 என்பது தம்பி வீட்டின் பின்சுவரிலிருந்து கரை விளிம்பு வரை. அலுவலகப் படிவத்தில் அப்படி இருக்காது. சுவரோரம் அடித்த குச்சியின் பெயரில் 'முளை எண் 7' என்று இருக்கும். இங்கே மட்டும்தான் அது தம்பி வீடு.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனோம். வீட்டைச் சுற்றி அவன் விற்பதற்கு வளர்க்கும் நாற்றுப் பைகள், நடக்க வழி இல்லை. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிற மனிதர், ஆனால் இரண்டு பூச்செடி வரிசைக்கு நடுவே நடக்கத் தெரியாது. ஒன்றை மிதித்துவிட்டார். "மாமா, ரிவர்ஸ் எடுக்காம நேரா வாங்க" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தோம்.

சாப்பிட்ட பிறகு பின்பக்கம் கூட்டிப் போனான். விளிம்பில் நின்று பார்த்தால் ஐந்து மீட்டர் செங்குத்தாக மண். அடியில் தண்ணீர் குடைந்த பள்ளம்.

"மேல முதல் வளைவுல கட்டின மாதிரி இங்கயும் ஒரு கல்சுவர் கட்டச் சொல்லுக்கா. நீ சொன்னா ஆபீஸ்ல கேப்பாங்க."

"நான் அளக்கிறவ. முடிவு பண்றது பொறியாளர்."

"உன் அளவை வச்சுத்தானே பண்றாங்க."



பதினான்கு வருடம் முன்னால், இந்த மனையை வாங்கலாமா என்று கேட்டான். அப்போது விளிம்பு தொண்ணூற்றிரண்டு மீட்டர் தள்ளி இருந்தது. அரிப்பு வருடத்துக்கு ஒரு மீட்டர். "உன் பேரப்பிள்ளைங்க கவலைப்பட்டா போதும், வாங்கு" என்று சொன்னவள் நான்தான். டேப்பைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னேன். அவ்வளவு நிச்சயம்.

எட்டு வருடம் கணக்கு சரியாகத்தான் இருந்தது. பிறகு முதல் வளைவில் ஒரு கிடங்கைக் காப்பாற்றக் கல்சுவர் கட்டினார்கள். மண்ணைக் கரைத்துக்கொண்டு போயிருந்தால் தண்ணீரின் வேகம் அங்கேயே கொஞ்சம் செலவாகியிருக்கும். கல்லை என்ன செய்ய முடியும்? அத்தனை வேகத்தோடும் திரும்பி, நேரே தம்பியின் கரைக்கு வந்தது. அதிலிருந்து வருடத்துக்குப் பத்து மீட்டர். அந்தச் சுவருக்கு அளந்து கொடுத்ததும் நான்தான்.

மார்ச் 18, செவ்வாய்

புதுப் பொறியாளர் அம்மா கூப்பிட்டார். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மதியச் சாப்பாடு நின்றுகொண்டே. இரண்டாம் வளைவுச் சுவருக்கு மனு வந்திருக்கிறதாம். தம்பி போட்ட மனு என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"இங்க சுவர் வச்சா தண்ணி கீழ மூணாவது வளைவுக்குப் போகும். அங்க முப்பத்தெட்டு வரிசை வீடு இருக்கு. ஏற்கெனவே அங்க வெளிக்கரைல ஆழம் கூடியிருந்தா, இந்தச் சுவரைப் பத்திப் பேச்சே இல்ல. மூணு வளைவோட அளவையும் கொடுங்க."

"சரி மேடம்."

மூன்றாம் வளைவின் ஆழம் போன வருடம் 3.0. இந்த மாதம் ஆறாம் தேதி நான் எடுத்தது 4.7. சிறு நோட்டில் இருக்கிறது. நோட்டு பையில். பை என் மடியில்.

ஏப்ரல் 3, வியாழன்

தம்பி அலுவலகத்துக்கே போன் செய்தான். எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்ப் பேசினேன்.

"பொறியாளரம்மா மூணாவது வளைவு அளவு கேட்டாங்களாமே."

"யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. அக்கா, அதை இந்தத் தடவை விட்டுடு. பொய் எழுதுன்னு சொல்லல. விட்டுடுன்னுதான் சொல்றேன்."

"அது ரெண்டும் வேற வேறயா?"

"உனக்கு வேறயா இல்லியா தெரியாது. எனக்கு வேற வீடு இல்ல."

ஏப்ரல் 4, வெள்ளி

மூன்றாம் வளைவுக்கான கட்டத்தில் 'படகு பழுது, அளக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். படகுக்காரர் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஏப்ரல் 7, திங்கள்

பொறியாளர் என் படிவத்தைப் படித்தார். "அப்ப போன வருஷ அளவையே வச்சுக்கறேன். மூணு மீட்டர். அந்த ஆழத்துக்குப் பயமில்ல. சுவருக்கு எழுதிடறேன்."

எவ்வளவு சுலபமாக நம்பிவிட்டார். இருபத்தாறு வருட அனுபவம் என்றால் அதுதான் போலிருக்கிறது. யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

மாலையில் தம்பி மனைவி போன். "அண்ணி, நல்லா இருப்பீங்க."  

வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ன, மூஞ்சி இப்படி இருக்கு? ஆறு வத்திப்போச்சா?" என்றார். சொல்லிவிட்டேன். தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, "வளைவுல திரும்பறப்ப பின்னாடி உக்காந்திருக்கறவன்தான் அதிகமா ஆடுவான். டிரைவருக்குத் தெரியாது" என்றார். பஸ்ஸைச் சொன்னாரா, வேறு எதையாவதா? கேட்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

அரை நாள் விடுப்பு போட்டேன். பஸ் பிடித்து மூன்றாம் வளைவுக்குப் போனேன். படகிலிருந்து இத்தனை வருடம் பார்த்த வீடுகள். தெருப்பக்கமாக வந்தது இதுதான் முதல் தடவை. முப்பத்தெட்டும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பின்வாசலைத் திறந்தால் ஆறு.

கடைசி வீட்டு வாசலில் ஒரு தையல்காரி மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். என் பையில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"ஆத்து ஆபீஸா? கக்கூஸ் சுவத்துல வெடிப்பு விட்டிருக்கு, வந்து பாருங்க."

பார்த்தேன். விரல் நுழைகிற வெடிப்பு. பின்வாசலிலிருந்து விளிம்பு வரை டேப் போட்டேன். மறுமுனையை அவளே பிடித்தாள். 31 மீட்டர். போன வருடம் 33.

"பயப்படற மாதிரி இருக்கா?"

"இப்போதைக்கு இல்ல" என்றேன். இப்படித்தான் தம்பியிடமும் சொன்னேன். வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் உறைத்தது.

தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். குடித்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பொறியாளர் அறைக்குப் போய் நோட்டை மேஜைமேல் வைத்தேன்.

"மேடம், படகு பழுதாகல. மூணாவது வளைவு 4.7. அன்னைக்கே எடுத்துட்டேன். மனு போட்டது என் தம்பி."

சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பாவை மூடினார். முதல் தடவையாக உட்கார்ந்தார்.

"ஏன் இப்ப சொல்றீங்க?"

"கட்டினப்புறம் சொல்லி என்ன ஆகப்போகுது?"

நோட்டைப் புரட்டினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "மெமோ கொடுக்கறதைத் தவிர எனக்கு வழியில்ல. இனிமே ஏழாம் முளை அளக்கறப்ப நானும் கூட வருவேன்" என்றார். பிறகு, "உங்க தம்பிக்கு யார் சொல்றது?" என்று கேட்டார்.

நான்தான். வேறு யார்?

ஏப்ரல் 13, ஞாயிறு

சொன்னேன். நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். குழாயை மூடவில்லை. ஒரே பையில் தண்ணீர் நிரம்பி வழிந்து மண் கரைந்து ஓடியது.

"முன்னபின்ன தெரியாத முப்பத்தெட்டு வீடு. உனக்கு அவங்க முக்கியம்."

"அவங்க பக்கம் போனா நீ சொல்றதைத்தான் அவங்களும் சொல்வாங்க."

"அவங்க உன்கிட்ட கேட்டு வீடு கட்டல. நான் கேட்டுத்தான் கட்டினேன்."

 உண்மைதானே. தம்பி மனைவி குழாயை மூடினாள். "அண்ணி, நீங்க கிளம்புங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மே 2, வெள்ளி

மெமோவுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். நாலு வரி. சுவர் மனு தள்ளுபடி. ஏழாம் முளை வீட்டுக்கு 'மழைக்குள் காலி செய்க' என்று நோட்டீஸ் போயிருக்கிறது. மாற்று இடம் பற்றி 'பரிசீலனையில்' என்று ஒரு வார்த்தை.

மே 29, வியாழன்

தம்பி போனை எடுப்பதில்லை. அவன் நாற்றுப் பண்ணை வழியாக ஓடும் பஸ்தான் இந்த வாரம் வீட்டுக்காரருக்கு. "வாசல்ல நிக்கிறான். ஹாரன் அடிச்சேன், கை காட்டினான். எனக்குத்தான், உனக்கில்ல" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

மழை தொடங்கிவிட்டது. நீர்மட்டம் 1.9. தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருக்கிறது. மேலே எங்கேயோ யாருடைய மண்ணோ இறங்கி வருகிறது.

ஜூலை 1, செவ்வாய்

நீர்மட்டம் 3.4. ஏழாம் முளை 19.0. பொறியாளர் சொன்னபடி கூட வந்தார். வேலிக்கு வெளியே நின்று அளந்தோம். தம்பி உள்ளே இருந்தான். வெளியே வரவில்லை.

திரும்பியதும் அவனுக்குப் போனில் '19.0' என்று மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று காட்டியது. பதில் இல்லை.

இனித் தினமும் அனுப்பப் போகிறேன். அவன் பேச வேண்டாம். எண் தெரிந்தால் போதும்.

ஜூலை 15, செவ்வாய்

12.6. நீர்மட்டம் 5.2. அனுப்பினேன்.

ஜூலை 16, புதன்

10.9. அனுப்பினேன்.

ஜூலை 17, வியாழன்

9.1. நாங்கள் நிற்கும்போதே ஒரு துண்டு விழுந்தது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை, மூட்டையைத் தரையில் போடுகிற மாதிரி. அதன்மேல் இருந்த வரிசை நாற்று அப்படியே நிமிர்ந்தபடி தண்ணீருக்குள் போனது.

தம்பி மனைவி சமையலறை ஜன்னலில் தெரிந்தாள். தலையசைத்தாள்.

ஜூலை 18, வெள்ளி

6.3. எண்ணுக்குக் கீழே 'இன்னைக்கே' என்று சேர்த்து அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் தம்பி மனைவி போன். "லாரிக்குச் சொல்லிட்டோம் அண்ணி. உங்க நம்பரை எல்லாம் அவரு சமையக்கட்டு சுவத்துல எழுதி வச்சிருக்காரு. இப்ப ஆறு புள்ளி மூணு எழுதிட்டு, தானாவே பீரோவை இழுக்க ஆரம்பிச்சாரு."

மதியத்துக்குள் எங்கள் வீட்டு முன்னறை நிறைந்துவிட்டது. கட்டில், பீரோ, குக்கர், நானூறு நாற்றுப் பை. மாடிப்படி ஒவ்வொன்றிலும் ஒரு செடி. தம்பி என்னைத் தாண்டித் தாண்டிச் சாமான் தூக்கினான். "கொஞ்சம் நகரு" என்றான் ஒரு தடவை. மூன்று மாதத்தில் பேசிய முதல் பேச்சு.

ஜூலை 20, ஞாயிறு

நேற்றிலிருந்து மழை இல்லை. இன்று நல்ல வெயில். நீர்மட்டம் 5.8லிருந்து 4.1க்கு இறங்கிவிட்டது. ஏழாம் முளை 4.2, வீடு அப்படியே நிற்கிறது. பொறியாளர் தரையில் ஒரு கோட்டைக் காட்டினார். நூல் கனத்துக்கு ஒரு வெடிப்பு, நாற்றுக் கொட்டகை பக்கம் தொடங்கிச் சமையலறை மூலை வரை.

வீட்டுக்கு வந்தால் தம்பி சாமானை மறுபடியும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

"தண்ணி இறங்கிடுச்சு. போறோம்."

"இறங்கறப்பதான்டா விழும்."

"ஏறினப்ப விழாதது இறங்கினா விழுமா?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டான். தண்ணீர் உயரமாக இருக்கும்போது வெளியிலிருந்து கரையைத் தாங்கிப் பிடித்திருக்கும்; கரைக்குள்ளும் தண்ணீர் ஊறியிருக்கும். ஆறு சட்டென்று இறங்கும், ஆனால் மண்ணுக்குள் போன தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது. பிடித்திருந்த கை போய்விடும், கனம் மட்டும் இருக்கும். நான் பார்த்த பெரிய சரிவுகளில் பாதிக்கு மேல் வெயில் அடித்த நாளில்தான் நடந்தன. எல்லாம் சொன்னேன். பேச்சு வேகமாகிவிட்டது, திக்கியது.

"நீ சொன்னதை நம்பித்தான் ஒரு தடவை அங்க போனேன்" என்றான்.

"ஆமா. அது என் தப்பு. சுவரு வரும்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். இது அப்படி இல்ல. வெடிப்பைக் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன். ரெண்டு நாள் கொடு. ரெண்டு நாள் கழிச்சு நிக்குதுன்னா நானே சாமானைத் தூக்கிட்டு வரேன்."

"வேலைக்காக அளந்தே, சரி. இதுவும் வேலைதானா?"

"இல்லடா. நீ உள்ள இருக்கக் கூடாது. அவ்ளோதான். நீ உள்ள இருக்கக் கூடாது."

அழக் கூடாது என்று நினைத்தேன். அழுதுவிட்டேன்.

அவன் மனைவி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். அதை என் கையில் வைத்துவிட்டு, "ரெண்டு நாள்தானே, இருக்கலாம்" என்றாள். அவன் கயிற்றைக் கீழே போட்டான்.

ஜூலை 21, திங்கள்

4.2. வெடிப்பில் இப்போது பென்சில் நுழைகிறது. தம்பிக்கு அனுப்ப வேண்டியதில்லை, எதிரில் உட்கார்ந்திருக்கிறான். நேரில் சொன்னேன். "ம்" என்றான்.

ஜூலை 22, செவ்வாய்

பிற்பகல் இரண்டே கால்.

நானும் பொறியாளரும் சாலையில் நின்றோம். தம்பியும் வந்திருந்தான். வரச் சொல்லவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. ஆறு கீழே, ஒன்றும் நடக்காத மாதிரி, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் நாற்றுக் கொட்டகை சாய்ந்தது. அப்புறம் தரை ஒரே துண்டாக, மெதுவாக, ஒரு கதவு திறக்கிற மாதிரி பின்பக்கம் இறங்கியது. சமையலறையும் பின்னறையும் அதோடு போயின. முன்னறை ஒரு நிமிடம் தனியாக நின்றது. சுவரில் சட்டை மாட்டும் ஆணிகூடத் தெரிந்தது. பிறகு அதுவும்.

தூசி அடங்கியபோது தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பொறியாளர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"திரும்பிப் போயிருந்தா இந்நேரம் உள்ள தூங்கிட்டிருந்திருப்பேன்" என்றான்.



ஜூலை 23, புதன்

முளை எண் 7: இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தம்பிக்கு ரயில் பாதை ஓரமாக ஒரு வாடகை இடம் கிடைத்திருக்கிறது. தண்ணீர் குழாயில் வரும். பொறியாளர் அலைந்து வாங்கிக் கொடுத்த உத்தரவு. 'பரிசீலனையில்' என்ற வார்த்தையை மூன்று அலுவலகம் ஏறி அழிக்க வைத்தார். பெரிய இடம் இல்லை, பழைய தோட்டத்தில் கால்வாசி. சாமானை ஏற்றும்போது வீட்டுக்காரர் ஒரு நாற்றைக்கூட மிதிக்கவில்லை. யாரும் அதைக் கவனித்துச் சொல்லவில்லை.

முன்னறை காலியாகிவிட்டது. நடக்க இடம் இருக்கிறது. இந்த ஒரு மாதமும் நாங்கள் சண்டை போடவில்லை, பேசிக்கொள்ளவும் இல்லை. உப்பு எங்கே, பஸ் எத்தனை மணிக்கு, இவ்வளவுதான்.

செப்டம்பர் 26, வெள்ளி

மூன்றாம் வளைவு 29.5. ஆழம் 4.9. அங்கே சுவர் வேண்டாம், ஆற்றைக் கொஞ்சம் அகல விட்டு, கரையைச் சரிவாக வெட்டி வேர் பிடிக்கிற செடி வைக்கலாம் என்கிறார் பொறியாளர். நடக்குமா? தெரியாது. தெரியாது என்று அறிக்கையிலும் எழுதச் சொன்னேன். எழுதினார்.

நவம்பர் 18, செவ்வாய்

இரண்டாம் வளைவுக்கு எதிர்க்கரையில், உள்பக்கம், புதிதாக ஒரு மணல் திட்டு எழுந்திருக்கிறது. வெளிக்கரையில் வேகமாக ஓடி அள்ளுவதை, உள்கரையில் மெதுவாகப் போகும்போது ஆறு இறக்கி வைத்துவிட்டுப் போகும். இதை வரைபடத்தில் சேர்க்க அளக்க வேண்டும். படகுக்காரருக்குக் காய்ச்சல். அவர் மகள் படகு ஓட்ட வந்தாள், டேப் பிடிக்க ஆள் இல்லை.

தம்பி காலையில் உரம் வாங்க எங்கள் பக்கம் வந்திருந்தான். "நான் வரட்டா?" என்றான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

திட்டு நூற்றெழுபது மீட்டர் நீளம், அகலம் அதிகபட்சம் இருபத்திரண்டு. ஈரம் இருக்கும் இடமெல்லாம் பச்சை முளைத்திருந்தது. அவன் தோட்டத்து விதை ஏதாவது இங்கே வந்து ஒதுங்கியிருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. காலையிலிருந்து மனதுக்குள் வைத்திருந்தேன். அவனும் அதைத்தான் தேடினான் என்று நினைக்கிறேன். குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனான்.

"இல்லக்கா. ஒண்ணுகூட நம்முளுது இல்ல. எல்லாம் காட்டுப் புல்லு."

"ஒண்ணுமே இல்லியா?"

"நம்ம செடி எல்லாம் சொகுசு. இங்கெல்லாம் நிக்காது." ஒரு புல்லை மெதுவாகப் பிடுங்கினான். மேலே விரல் நீளம்தான் இருந்தது. கீழே வேர் முழம் நீளத்துக்கு வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குழியைக் காலால் தோண்டி, அதைத் திருப்பி நட்டான்.

"வேர் பிடிக்கிற செடி வேணும்னு உங்க மேடம் சொன்னாங்கன்னு மாமா சொன்னாரு. அந்த வரிசை வீட்டுக் கரைக்கு."

"ஆமா."

"இதுதான். இதைப் பையில வளக்கலாம். விதை எடுக்கணும். இன்னும் முத்தல."

"எப்ப முத்தும்?"

"ஒரு மாசம் ஆகும்." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். டேப்பின் முனையை எடுத்தான். "அடுத்த மாசம் எந்தத் தேதி வருவே இங்க?"

பதினெட்டு, வியாழன் என்றேன்.